ரிசர்வில் திருப்பியது நான்

நைனா,

நலமா, சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. அதைத்தான் தினமும் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேனே. ஆறு வருடமாக உன் அப்பன் போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊரையெல்லாம் சுற்றிவிட்டு, விஷயத்தைச் சொல்லாமலே 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று முடித்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். நீ போலீஸ் ஓட்டத் தேர்வுக்குக் காஞ்சிபுரம் போன அன்று உன் பைக் வண்டி வழியில் நின்றுபோனதே, அது உன் மறதியால் இல்லை. வண்டியை ரிசர்வில் திருப்பி வைத்தது நான். திருப்பியதை உன்னிடம் சொல்லாமல் விட்டதும் நான். அப்புறம் தெருவில் நின்று உன்னைத் திட்டியதும் நான்தான். எழுதிவிட்டேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. விருந்துச் சமையலுக்கு இடம் வேண்டும், ஆட்டுக் கொட்டாயைக் காலி பண்ணு என்று உங்கம்மா பத்து நாளாக என் உயிரை எடுத்தாள். கொட்டாயில் உன் வண்டிதான் நின்றுகொண்டிருந்தது. மேலே உரச் சாக்கு, அதன் மேல் பழைய தேர்தல் பேனர், அதற்கும் மேல் கோழி எச்சம். இரண்டு டயரும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன. உனக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "காயலான் கடையில போட்டுடுபா. அத்தப் பாத்தாலே எனக்குப் பேஜாரா கீது" என்றாய். எனக்கு அப்படிப் போட மனசு வரவில்லை. பாசத்தால் என்று நினைத்துவிடாதே. ஊர் ஊராகப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும், டவுன் பஸ்ஸை நம்பினால் உன் பிள்ளைக்குக் காது குத்தும்போதுதான் நான் பத்திரிகை வைத்து முடிப்பேன். முட்டி வேறு முன்போல இல்லை, படியேறினாலே கடகடவென்கிறது. நூறு சிசி வண்டி, சும்மா துரு தின்னுவதைவிட ஒரு மாதம் உழைக்கட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் நினைப்பு.

ஒரு குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி உத்திரமேரூரில் நம் கன்னியப்பன் கடைக்குக் கொண்டுபோனேன். நீ வண்டி வாங்கிய நாளிலிருந்து அவன்தானே மெக்கானிக்கு. பார்த்ததும் சிரித்தான். "யாரு, நம்ம ரிசர்வு வண்டியா? இன்னும் உசுரோட கீதா?" என்றான். எனக்குப் பகீரென்றது. ஆனால் அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், ஆறு வருடமாக உனக்கு ஊரில் அதுதானே பேர். கிக்கர் மேல் ஏறி நின்று மிதித்தான், அது இம்மியும் அசையவில்லை. பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றினான். "ரெண்டு நாளு அப்பிடியே வுட்டுட்டு வா. அடிச்சி ஒதைச்சி எடுத்தா உள்ள கீறல் வுழுந்துடும். தானா எளகணும்" என்றான். ஏர் ஃபில்டரை எலி தின்று கூடு கட்டியிருந்தது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் நாற்றம். டேங்க்குக்குள் பொடிக் கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்க்க ஒரு வேளை ஆகும் என்றான்.

அப்புறம்தான் அவன் டேங்க்குக்கு அடியில் கைவிட்டு அந்தச் சின்னத் திருகைத் திருப்பப் பார்த்தான். வண்டி ஓட்டாதவர்கள் யாராவது இதைப் படித்தாலும் புரியட்டும் என்று சொல்கிறேன். எப்போதும் அந்தத் திருகு 'ஆன்' என்ற இடத்தில் இருக்க வேண்டும். மேலே உள்ள பெட்ரோல் தீர்ந்தால் வண்டி இருமும், திக்கும். அப்போது திருகை 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால், அடியில் மிச்சமிருக்கும் கொஞ்சப் பெட்ரோல் இறங்கும், அதை வைத்து ஒரு பங்க்கைத் தேடிப் போய்ச் சேரலாம். ஆனால் அது முன்னாலேயே ரிசர்வில் இருந்தால் வண்டி உனக்கு எதையும் சொல்லாது. கடைசிச் சொட்டு வரைக்கும் நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு, பொட்டென்று நின்றுவிடும். கன்னியப்பன் அந்தத் திருகோடு மல்லுக்கட்டினான். "இத்த யாருபா ரிசர்வுல வெச்சே வுட்டது? துரு புடிச்சி ஒட்டிக்கினு கீது பாரு" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பையன்தான்" என்றேன். யோசிக்கவேயில்லை. ஆறு வருடம் கழித்தும், யாரும் என்னைச் சந்தேகப்படாதபோதும், நீ அங்கே இல்லாதபோதும், என் நாக்கு பழியை உன் தலையில்தான் போட்டது. நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும் என்பார்கள். என் நாக்குக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பேச வருகிறது.

அன்று மாலையே, ஓசூரில் உன் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற, நீ கட்டிக்கொள்ளப்போகிற மஞ்சு எனக்குப் போன் பண்ணினாள். உனக்குத் தெரியாமல்தான் பண்ணினாள், அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. "மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "கம்பெனி பஸ் வந்து நிக்குது, இவரு ரூமப் பூட்டினேனான்னு திரும்பி ஓடறாரு. மூணு தடவ பூட்ட இழுத்துப் பாத்துட்டுத்தான் வர்றாரு. மெஷின ஆஃப் பண்ணிட்டு செல்லுல போட்டோ புடிச்சி வச்சிக்கறாரு. ஏன் இப்படின்னு கேட்டா, நான் மறதிக்காரன் மஞ்சு, என் மறதியால என் பொழப்பே மாறிப்போச்சுன்னு சொல்றாரு. சின்ன வயசுலேருந்தே இப்படித்தானா மாமா? டாக்டர்கிட்ட காட்டணுமா?" என்றாள். சின்ன வயசில் நீயா மறதிக்காரன்? ஏரிக்கரையில் மேயவிட்ட பதினோரு ஆட்டையும் பேர் சொல்லி எண்ணி ஓட்டிவருவாய். உங்கம்மாவுக்குக் காலையில் எந்த மாத்திரை, மாலையில் எந்த மாத்திரை என்று அவளுக்கே தெரியாது, மூன்றாவது படிக்கிற உனக்குத் தெரியும். "அப்படியெல்லாம் இல்லம்மா, சரியாப் பூடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் பிள்ளைக்கு இல்லாத ஒரு வியாதியை நான் கொடுத்திருக்கிறேன். அதை அவன் சம்சாரத்துக்கும் கொண்டுபோகப் போகிறான்.

அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வில் நீ பாஸ் பண்ணியிருந்தாய். மறுநாள் காலையில் ஓட்டம். நம் காலனியில் அதுவரைக்கும் ஒருத்தனும் காக்கி போட்டதில்லை. "அப்பா, நாளைக்கு வரைக்கும் வண்டியத் தொடாதபா. போவ வர கணக்கா பெட்ரோலு போட்டு வெச்சிக்கீறேன்" என்று சொல்லிவிட்டு, நண்பன் வண்டியில் முடிவெட்டிக்கொள்ளப் போனாய். வண்டியில் பெட்ரோல் காட்டுகிற முள் நாம் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. எல்லாம் உன் கணக்கில்தான் ஓடியது. உங்கம்மா நடவுக்குப் போயிருந்தாள். சாவி ஆணியில் தொங்கியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை, நைனா. யாரிடமாவது சொல்ல வேண்டும். சாலவாக்கத்தில் உன் அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டுத் திரும்பும்போது ஏரிக்கரை மேல் வண்டி இருமியது. திருகை ரிசர்வில் திருப்பினேன். அப்போதே வீட்டுக்கு வந்திருந்தால் கூடப் பரவாயில்லை. வரவில்லை. நான் முப்பது வருடம் யாருடைய வயலில் முதுகில் டப்பா கட்டிக்கொண்டு மருந்தடித்தேனோ அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். எப்போதும் பின்பக்கமாகப் போய்க் கூப்பிடுகிறவன், அன்று முன்வாசலில் வண்டியை ஆஃப் பண்ணாமல் நிறுத்தி, இரண்டு முறுக்கு முறுக்கினேன். "எம் புள்ள போலீசுக்குப் போறான்யா" என்றேன். அவர் நல்லதாகத்தான் இரண்டு வார்த்தை சொன்னார். நான்தான் விடாமல், வண்டியை உறுமவிட்டபடியே அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். உன்னைப் பெருமை பேசியே உன் பெட்ரோலைத் தீர்த்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், மன்னித்தும் விடுவாய். ஆனால் நான் மறக்கவில்லை. விடியலில் நீ கிளம்புகிற சத்தம் கேட்டது. கம்பு ஊன்றுவது போல உன் ஷூ சத்தம், உங்கம்மா விபூதி வைத்து "பாத்துப் போ நைனா" என்றது, எல்லாம் படுத்தபடியே கேட்டேன். 'ரிசர்வுல கீதுடா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால், "தொடாதன்னு சொன்னனே" என்று கேட்பாய். தேர்வுக்குப் போகிற நேரத்தில் அப்பனும் பிள்ளையும் சண்டையா என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். காஞ்சிபுரம் வரைக்கும் தாங்கும் என்று ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டேன். போர்வையை இழுத்துத் தலை மேல் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தப் போர்வையைத்தான் கொளுத்த வேண்டும் போலிருக்கிறது.

நீ மத்தியானம் திரும்பி வந்தாய். முகம் கறுத்து, சட்டையெல்லாம் உப்புப் பூத்து. "வண்டி நின்னுடிச்சிபா. ரிசர்வுல போட்டு வெச்சிட்டு மறந்துட்டேன் போலக்கீது. முடியலபா" என்றாய். நீயே உன் மேல் பழியைப் போட்டுக்கொண்டாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், வேறு மாதிரி. தெருவே வேடிக்கை பார்க்க, "டேங்க்குல இன்னா கீதுன்னு பாக்கத் துப்பில்லாதவனுக்குப் போலீசு வேல கேக்குதா? நீ மனுசனா, ரிசர்வு வண்டியா?" என்று கத்தினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கத்தியது. எவ்வளவுக்கு உள்ளே பயந்தேனோ அவ்வளவுக்குக் கத்தினேன். நீ சாவியை ஆணியில் மாட்டினாய். அன்று சாயங்காலமே பசங்கள் உன்னை 'ரிசர்வு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஆனால் அந்த வாயில் அந்தச் சொல்லைப் போட்டவன் நான். அடுத்த முறை அறிவிப்பு வருவதற்குள் நீ கம்பெனி வேலைக்கு ஓசூருக்குப் போய்விட்டாய், அப்புறம் வயசும் தாண்டிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வந்து, மாட்டுப் பொங்கலோடு பஸ் ஏறிவிடுவாய். பையனுக்கு வேலை அதிகம் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

இடையில் ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். உன் சித்தி மகள் மஞ்சள் நீராட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தோம், அந்த ஒரு தடவை நீயும் வந்திருந்தாய். உன் அத்தை என்னிடம், "ஏண்ணா, அன்னிக்கி இவம் வண்டியில வந்து போலீசு போலீசுன்னு குதிச்சியே, எனக்கு அப்பவே பக்குன்னுச்சி, கண்ணு பட்டுடிச்சி" என்று ஆரம்பித்தாள். நீ பந்தியில் நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாய். 'என் வண்டியிலயா?' என்று நீ ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்தது கதை. நான் உடனே, "ஏய், எலைக்கு ரசம் வரல பாரு, நீ இன்னா பேசிக்கினு கீற" என்று அவளை அதட்டி எழுப்பிவிட்டேன். அவள் பாவம், பரிமாற வந்த பையனைத் திட்டப் போய்விட்டாள். எனக்கு அன்று ரசம் ரொம்ப ருசியாக இருந்தது. தப்பித்தவனுக்கு எல்லாமே ருசிக்கும். இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒரு நாள் சொல்லாமல் விட்டதை ஆறு வருடம் காவல் காக்க வேண்டியிருந்தது. நான் உன் வேலையைக் கெடுத்தது ஒரு சாயங்காலம். உன்னைக் கெடுத்தது அதற்கப்புறம் வந்த நாளெல்லாம்.

மஞ்சு போன் பண்ணியதற்கு மறுநாள் உங்கம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் புடைத்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் முறத்தைக் கீழே வைத்தாள். "நீ கத்தினன்னு நானும் அவன நாலு வார்த்த கேட்டுட்டனே, பாவி. பெத்த புள்ள மொவத்தப் பாத்து, நீ உருப்புட மாட்டடான்னு சொன்னனே. என் வாயால சொல்ல வெச்சிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். மூன்றாவது நாள், "எப்ப சொல்லப்போற?" என்றாள். போன் பண்ணுகிறேன் என்றேன். "போன்ல வேணாம். போன்ல நீ பூசி மெழுவிடுவ. எழுது. நான் படிச்சிப் பாத்துத்தான் அனுப்புவேன்" என்றாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். இந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்க அவளுக்கு ஒரு நாள் ஆகும். ஆகட்டும்.

வண்டியும் அதற்குள் ஒரு வழிக்கு வந்துகொண்டிருந்தது. பிஸ்டன் இளகிவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்துச் சின்னச் சின்ன ஓட்டைகளையெல்லாம் காற்றடித்து எடுத்தான் கன்னியப்பன். ஒட்டிப்போயிருந்த கிளட்ச் பிளேட்டைப் பிரித்துப் போட்டான். செயின், பிரேக் ஷூ, இரண்டு டயர், பேட்டரி, பிளக் எல்லாம் புதுசு. முதல் நாள் ஸ்டார்ட் ஆகி, வெள்ளையாகப் புகையைக் கக்கி, நின்றுபோனது. மறுநாள் ஓடியது, ஆனால் சிக்னலில் நிற்பது மாதிரி நிறுத்தினால் அணைந்துவிடும். அவன் காதைச் சாய்த்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைத் திருகு என்று திருகிக்கொண்டிருந்தான். "ஓடுறப்ப எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். சும்மா நிக்கிறப்ப அடங்கி ஒரே சீரா அடிக்குது பாரு, அதுதான் வண்டி" என்றான். அந்த நேரம் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள், நம் தெரு ஆட்களும் இருந்தார்கள். அவனிடம் சொல்லிவிட்டேன். "கன்னியப்பா, ரிசர்வுல திருப்பினது பையன் இல்ல. நான். அன்னிக்கும் நான்தான், இப்ப உங்கிட்டப் பொய் சொன்னதும் நான்தான்." அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. "இன்னாபா நீ" என்றான், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, உன் கூட்டாளிகளுக்குப் போன் போட்டான். கல்யாணப் பேனரில் உன் பேருக்கு முன்னால் 'ரிசர்வு' என்று போட்டு டிசைன் பண்ணி வைத்திருந்தார்களாம் பசங்கள். "டேய், அந்தப் பேர எடுங்கடா மொதல்ல. ஏன்னு நேர்ல வா, சொல்றேன்" என்றான். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தான்.

கல்யாணத்துக்கு அப்பன் பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று தெரியும், ஆனாலும் ஒன்று சொல்கிறேன், தப்புப் பண்ணியவன் சொல்வதால் கேட்டுக்கொள். மஞ்சுவிடம் எதையாவது மறைத்துவிட்டால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. திட்டு வாங்கினாலும் வாங்கிக்கொள், திட்டு ஒரு வேளைச் சோற்றோடு போய்விடும். ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் அடுத்த நாள் அதைச் சொல்ல இரண்டு மடங்கு தைரியம் வேண்டும், எனக்கு ஒரு மடங்கே கிடையாது. அப்புறம், கோபம் வரும்போது ஒரு நிமிஷம் யோசித்துப் பார், யார் மேல் கோபம் என்று. நான் அன்று தெருவில் கத்தியது உன் மேல் இருந்த கோபத்தால் இல்லை. வேறு புத்தி சொல்ல எனக்குத் தெம்புமில்லை, தெரியவுமில்லை.

நேற்று ராஜகுளத்தில் உன் பெரியப்பா வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு உன் வண்டியில் திரும்பி வந்தேன். நன்றாக ஓடுகிறது, நைனா. பொய் சொல்லவில்லை, நிறுத்தினாலும் அணையவில்லை. மாகறல் பக்கம் வரும்போது, நீ அன்று வண்டி நின்ற இடமாகச் சொன்னது அந்த வட்டாரம்தான் என்று ஞாபகம் வந்தது. ஆறு வருடத்தில் எவ்வளவு தூரம் தள்ளினாய் என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. கேட்டால் பேச்சு வளரும் என்று பயம். ரோட்டோரம் டீக்கடைப் பெண்ணிடம், இங்கே பெட்ரோல் பங்க் எங்கேம்மா என்று கேட்டேன். காஞ்சிபுரம் பக்கம் கையைக் காட்டி, "நாலு கிலோமீட்டராச்சும் போவணும் பெரியவரே" என்றாள். நான் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு, காஞ்சிபுரம் பக்கமாகத் திருப்பித் தள்ள ஆரம்பித்தேன். எனக்கே பைத்தியக்காரத்தனம் என்றுதான் பட்டது. பைக்கில் போன ஒருத்தன் நிறுத்தி, "இன்னா பெரியவரே, பெட்ரோல் இல்லியா?" என்றான். "கீதுபா" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், ஒரு பர்லாங்குகூட, இருநூறு மீட்டர்கூட, இருக்காது. தொடை நடுங்கியது. மூச்சு வாங்கியது. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்தபடியே மஞ்சுவுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கி அந்த எடத்துல இன்னா ஆச்சின்னு உங்கிட்டயாச்சும் முழுசா சொல்லிக்கீறானாம்மா?" என்று கேட்டேன். நேரமாகிவிட்டதென்று கேட்டிலேயே உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நாங்கள் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஓட்டத்தைப் பற்றி நீ எங்களிடம் 'முடியலபா' என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. அவள் சொன்னாள். "இல்ல மாமா. அவரு நேரத்துக்குப் போயிட்டாரு. வண்டியத் தள்ளிக்கிட்டே ஓடியிருக்காரு, பெட்ரோல் போட்டுக்கிட்டு கேட்டு சாத்தறதுக்குள்ள போயிட்டாரு. போன ஒடனே இவங்க வரிசைய ஓட வுட்டுட்டாங்க. கடைசிச் சுத்துல கால் வரலயாம். நாலு செகண்டுல போச்சு மாமா."

நான் ஒரு பர்லாங்கு தள்ளிவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நீ நாலு கிலோமீட்டர் தள்ளிவிட்டு, அதற்கப்புறம் மைதானத்தில் ஓடியிருக்கிறாய். ஓட்டத்துக்கென்று ஆறு மாதம் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடி ஓடிச் சேர்த்து வைத்த கால் தெம்பை, நான் பெட்ரோலைத் தீர்த்த வண்டியைத் தள்ளச் செலவு பண்ணியிருக்கிறாய். அப்படியும் நாலே நாலு செகண்டு. நீ மறக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை, நைனா. அந்த நாலு செகண்டை உன்னிடமிருந்து எடுத்தது உன் அப்பன். திருப்பிக் கொடுக்க என்னால் ஆகாது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், டீக்கடைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ண வேண்டும் என்றில்லை. கல்யாணத்தில் என் காலில் விழ உனக்கு மனசில்லாவிட்டால் உங்கம்மா காலில் மட்டும் விழு, நான் தப்பாக நினைக்க மாட்டேன், சொந்தக்காரர்கள் கேட்டால் காரணத்தை நானே சொல்வேன். உன்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்தக் கடிதத்தை மஞ்சுவுக்கு நீயே வாய்விட்டுப் படித்துக் காட்டு. என்னைப் பற்றி வருகிற இடங்களில் குரலைத் தாழ்த்தாதே.

அப்பா